இராமநாதபுரம் கரையோரச் சிறு நிறுவனங்களின் ஏற்றுமதியும் தன்னார்வ வழிகாட்டிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் சாயல்குடி வரை முண்டு மிளகாய் வத்தல், கருவாடு, கருப்பட்டி, கடல்பாசி, ஓலைப் பொருள் என்று ஏதோ ஒன்றைச் செய்து விற்கும் சிறு நிறுவனங்களுக்கும், அவற்றுக்குக் கைகொடுக்க விரும்பும் அனுபவமுள்ள வணிகர்களுக்கும் எழுதப்பட்ட பக்கம் இது.

தன்னார்வ ஏற்றுமதி வழிகாட்டி என்றால் யார்?

ஏற்கெனவே சரக்கு அனுப்பி, பணம் வாங்கி, சில சரக்கு திரும்பி வந்ததையும் பார்த்த வணிகர். ஓய்வுபெற்ற வங்கி அந்நியச் செலாவணி அலுவலராகவோ, தூத்துக்குடியில் பல ஆண்டு வேலை பார்த்த கஸ்டம்ஸ் ஏஜென்டாகவோ, துபாயிலோ கோலாலம்பூரிலோ கடை நடத்தும் கீழக்கரைக்காரராகவோ இருக்கலாம். தன் நேரத்தில் ஒரு பகுதியைச் சம்பளமில்லாமல் ஒரு சின்ன நிறுவனத்துக்குத் தருகிறார்.

அமெரிக்காவில் மாவட்ட ஏற்றுமதிக் குழுக்கள் என்ற பெயரில் இந்த முறை பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அந்நாட்டு வணிகத் துறைச் செயலர் உள்ளூர்த் தொழில் முனைவோரை நியமிக்கிறார், அவர்கள் ஊதியமின்றிச் சிறு நிறுவனங்களுக்கு வழிகாட்டுகிறார்கள். நம் நாட்டில் 'மாவட்டங்களை ஏற்றுமதி மையங்களாக்குதல்' என்ற திட்டத்தின் கீழ் ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழு உண்டு. 2023ஆம் ஆண்டு அயல்நாட்டு வணிகக் கொள்கையிலும் அது இடம்பெற்றிருக்கிறது. ஆனால் குழுக் கூட்டத்தில் உங்கள் வத்தலைப் பிட்டுப் பார்த்து "இது போகாது" என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த இடத்தைத்தான் தன்னார்வலர் நிரப்புகிறார்.

அவர் என்ன செய்வார்? எதைச் செய்யக் கூடாது?

முதல் வேலை, தவறான சரக்கு கிளம்பாமல் தடுப்பது. சின்ன நிறுவனம் ஒன்றுக்கு முதல் சரக்கே முழுதாகத் திரும்பினால் இரண்டாவது சரக்கு அனுப்பக் கையில் முதலீடு இருக்காது. அதனால் நல்ல வழிகாட்டி உங்களை அவசரப்படுத்த மாட்டார். ஒரு பொருள், ஒரு நாடு, ஒரு வாங்குபவர் என்று சுருக்கச் சொல்வார். விலைக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பார். ஒப்பந்தத்தையும் பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ஆவணம்) வரைவையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் கொடுப்பார். நம்பகமான ஏஜென்ட், ஆய்வகம், வங்கிக் கிளை எது என்று காட்டுவார்.

உங்கள் சார்பில் கையெழுத்துப் போடக் கூடாது. உங்கள் கணக்கில் பணம் வாங்கவோ, வாங்குபவரிடம் உங்களுக்குத் தெரியாமல் விலை பேசவோ கூடாது. "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர் இடைத்தரகர். இடைத்தரகர் வேலையும் நேர்மையான தொழில்தான், அதற்குக் கமிஷன் பேசி எழுதிக்கொள்ளலாம். தன்னார்வம் என்ற பெயரில் அது வரக்கூடாது.

கட்டணம் உண்டா?

வழிகாட்டிக்கு இல்லை. ஆய்வகம், ஏஜென்ட், வங்கி, சரக்குக் கூலி எல்லாம் உங்கள் செலவு. வழிகாட்டி உங்கள் களத்துக்கு வந்து போக ஆகும் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள்.

முண்டு வத்தலை அனுப்ப நினைக்கிறோம். எங்கே தவறுகிறது?

களத்தில். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு விசாரிப்புகள் கூடியிருக்கின்றன. ஆனால் ஐரோப்பிய வாங்குபவர் முதலில் கேட்பது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கான அறிக்கையைத்தான். அங்கே மிளகாய்க்கு அஃப்ளாடாக்சின் பி1 கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்ளாடாக்சின் 10 மைக்ரோகிராம் என்பது உச்ச வரம்பு. இது கண்ணுக்குத் தெரியாத அளவு. நிறமும் காரமும் நன்றாக இருக்கும் வத்தலிலும் வரம்பைத் தாண்டலாம்.

பூஞ்சை வருவதற்கான வாய்ப்புகள் நம் வழக்கங்களிலேயே இருக்கின்றன. பறித்த பழத்தை நிறம் ஏறட்டும் என்று இரண்டு மூன்று நாள் குவித்து வைப்பது ஒன்று. ஈரத்தோடு குவித்தால் நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கிறது. வெறும் மண்ணில் காயப்போட்டு, மாசி பங்குனிப் பனியில் இரவு மூடாமல் விடுவது இன்னொன்று. பகலில் காய்ந்தது இரவில் ஈரம் வாங்குகிறது. இவற்றைவிட மோசமானது, மூட்டை பிடிக்கும்போது வத்தல் நொறுங்காமல் இருக்கவும் எடை நிற்கவும் தண்ணீர் தெளிப்பது. ஏற்றுமதிக்கு எடுத்த சரக்கில் ஒரு கைப்பிடித் தண்ணீர்கூடப் படக்கூடாது. விற்பவர் கிட்டங்கியில் தெளித்திருந்தால் உங்கள் உழைப்பு முழுக்க வீண். எனவே சந்தையில் கலப்பு மூட்டை வாங்குவதைவிட, தெரிந்த விவசாயிகளிடம் களத்திலேயே பேசி எடுப்பது நல்லது.

சிமென்ட் களத்திலோ சுத்தமான தார்ப்பாயிலோ இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்புங்கள். பகலில் பலமுறை கிண்டிவிடுங்கள். மாலையில் குவித்து மூடி, காலைப் பனி விலகிய பிறகு மறுபடி விரியுங்கள். ஈரப்பதம் 11 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். குலுக்கினால் விதை சத்தம் கேட்கிறது என்பது நல்ல அடையாளம்தான், ஆனால் ஈரமானி வைத்துப் பார்க்காமல் மூட்டை கட்டாதீர்கள். வெளுத்தது, கறுத்தது, பூச்சி துளைத்தது, காம்பு உடைந்து உள்ளே பூஞ்சை தெரிவது ஆகியவற்றைக் கையால் பொறுக்குங்கள். அஃப்ளாடாக்சின் பெரும்பாலும் இந்தக் கழிவில்தான் குவிந்திருக்கிறது.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. இந்த நச்சு சரக்கு முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். மேல் மூட்டையில் ஒரு கை அள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பி, நல்ல அறிக்கை வாங்கி, அங்கே இறங்கிய பிறகு தோற்ற சரக்குகள் உண்டு. ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி என்று எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி பிரியுங்கள். ஸ்பைசஸ் போர்டு மிளகாய்க்குக் கட்டாயப் பரிசோதனை வைத்திருக்கிறது. அதன் ஆய்வகம் ஒன்று தூத்துக்குடியிலேயே இருக்கிறது. அந்தப் பரிசோதனைக்கு முன்பே சொந்தச் செலவில் ஒருமுறை பார்த்துவிடுவது லாபம்.

பூச்சிமருந்து எச்சம் தனிப் பிரச்சினை. பழம் காய்ந்து வத்தலாகும்போது எடை குறைகிறது, மருந்து அந்த அளவுக்குக் குறைவதில்லை. எனவே கடைசி இரண்டு பறிப்புக்கு இடையில் என்ன தெளித்தார்கள் என்பதை விவசாயியிடம் எழுதி வாங்குங்கள். கிருமி நீக்கம் செய்து அனுப்பக் கேட்டால் நீராவி முறை என்று உறுதிசெய்யுங்கள். எத்திலீன் ஆக்சைடு வாயுவை ஐரோப்பா ஏற்பதில்லை.

புவிசார் குறியீட்டுச் சின்னத்தைப் பையில் அச்சிட வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். மாவட்டத்தில் விளைந்தது என்பது மட்டும் போதாது.

கருவாடு, நண்டு, மீன்?

எம்பெடா (கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு வேண்டும். பதப்படுத்தும் இடத்துக்கு ஏற்றுமதி ஆய்வு முகமையின் அங்கீகாரம் வேண்டும். வீட்டு முற்றத்தில் காயவைத்த கருவாட்டை அட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட முடியாது. முதல் படியாக, அங்கீகாரம் உள்ள ஆலை ஒன்றுக்குச் சரக்குக் கொடுப்பதே சின்ன நிறுவனத்துக்குச் சரி.

கருவாட்டில் வாங்குபவர் பார்ப்பவை: மணல், பூச்சி, ஹிஸ்டமின் (மீன் கெடும்போது உண்டாகும் நச்சு), நிறம். கடற்கரை மணலில் காயப்போட்டால் மணலை முழுதாக எடுக்க முடியாது; தரையிலிருந்து உயர்த்திய வலைத் தட்டி அவசியம். பூச்சிக்கு மருந்தடிப்பது ஒரேயடியாகச் சந்தையை இழக்கும் வழி. சூரை, சூடை, நெத்திலி போன்றவற்றில் பிடித்த உடன் பனிக்கட்டி போடாவிட்டால் ஹிஸ்டமின் ஏறும், ஏறிய பிறகு உப்போ வெயிலோ அதைக் குறைக்காது. உப்புக் கருவாட்டில் சிவப்புப் பூத்தால் பெரும்பாலும் காரணம் உப்பு. பாத்தியிலிருந்து நேராக வந்த அழுக்கு உப்பில் அந்தக் கிருமி இருக்கிறது.

ஐரோப்பாவுக்குக் கடலில் பிடித்த மீன் போக, பிடிப்புச் சான்றிதழ் வேண்டும். எந்தப் படகு, எப்போது, எங்கே பிடித்தது என்ற விவரம் கரையிலேயே எழுதப்பட்டால்தான் பிறகு சான்று கிடைக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். மாதாமாதம் அனுப்புவதாக ஒப்பந்தம் போட்டால் இந்த இரண்டு மாதத்துக்கு என்ன செய்வீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

கருப்பட்டி, ஓலைப் பெட்டி?

கருப்பட்டியின் பெரிய எதிரி சீனிக் கலப்பு. வெளிநாட்டு ஆய்வகம் அதைக் கண்டுபிடிக்க முடியும். கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை எடுக்கும் விதம் வேறு, அதனால் அவற்றின் சர்க்கரையில் கார்பன் ஐசோடோப்பு விகிதமும் வேறு. கரும்புச் சீனி கலந்தால் அந்த எண் நகர்ந்துவிடும். அடுத்தது கசிவு. கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓலைக் கொட்டானில் அழகாக இருக்கும், ஆனால் கன்டெய்னரில் இளகி ஒழுகும். காற்றுப் புகாத உள் பை போட்டு, அதன் மேல் கொட்டான் வைக்கலாம். சாயல்குடிக் கருப்பட்டிக்கு 'உடன்குடி' என்று பெயர் போடாதீர்கள். அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது, வேறு மாவட்டத்துக்கானது. சாயல்குடி என்றே போடுங்கள், அந்தப் பெயருக்கும் மதிப்பு வரட்டும்.

ஓலைப் பொருளில் பூஞ்சைதான் தொல்லை. முழுதாகக் காயாத குருத்தோலையில் முடைந்து, சாயம் ஆறுமுன் அடுக்கினால் பெட்டி திறக்கும்போது சாம்பல் படிந்திருக்கும். காயவைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்டு, நாடு கேட்டால் பயிர் நலச் சான்றும் எடுங்கள். மரப் பலகைத் தட்டில் ஏற்றினால் அந்த மரம் உள்வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு, அதற்கான முத்திரை பெற்றிருக்க வேண்டும்.

கடல்பாசி?

மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி 45 நாளில் அறுவடைக்கு வரும், காய்ந்தால் சுமார் பத்தில் ஒரு பங்கு எடை. நேரடி ஏற்றுமதியைவிட உள்நாட்டுக் கேராஜீனன் (பாசியிலிருந்து எடுக்கும் கெட்டியாக்கும் பொருள்) ஆலைக்குக் கொடுப்பது பெரும்பாலோருக்கு நல்ல விலை தரும். வெளிநாட்டு வாங்குபவர் ஈரம், மணல், வேறு பாசிக் கலப்பு, கன உலோகம் ஆகியவற்றைச் சோதிப்பார். உணவுக்கு என்றால் ஆர்சனிக் கேள்வி நிச்சயம் வரும்.

கடல் அட்டை, கடல் குதிரை பற்றி யார் விசாரித்தாலும் பதிலே அனுப்ப வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இரண்டையும் பிடிப்பதே குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை என்பதால் பாசி எங்கே எடுத்தது என்பதற்கும் பதில் வேண்டும். சங்கு, சிப்பி வகைகளில் சில தடைப்பட்டியலில் உள்ளன. கைவினைப் பொருளாகச் செய்து அனுப்பினாலும் வனத்துறையிடம் முதலில் கேளுங்கள்.

என்னென்ன பதிவு, எந்த வரிசையில்?

பான், நடப்புக் கணக்கு, ஜி.எஸ்.டி., உத்யம் பதிவு இருந்தால் டி.ஜி.எஃப்.டி. (அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்ககம்) தளத்தில் ஐ.இ.சி. என்ற இறக்குமதி-ஏற்றுமதி எண் எடுங்கள். அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான், அதற்கு ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போக வேண்டாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யாவிட்டால் எண் செயலிழக்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அது தெரியவரும். உணவென்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமமும் வேண்டும். பிறகு பொருளுக்கேற்ற வாரியம்: வத்தலுக்கு ஸ்பைசஸ் போர்டு, மீனுக்கு எம்பெடா, கருப்பட்டிக்கு அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதி ஆணையம்), ஓலைப் பொருளுக்குக் கைவினைப் பொருள் ஏற்றுமதி மன்றம். வங்கியிடம் ஏ.டி. கோடு (அந்நியச் செலாவணிக் கிளையின் எண்) கடிதம் வாங்கித் தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சுங்கத்துறையின் ஐஸ்கேட் தளத்தில் பதியுங்கள். வரி கட்டாமல் அனுப்ப, ஒவ்வொரு நிதியாண்டும் ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. என்ற உறுதிக் கடிதம் தர வேண்டும்.

அமெரிக்காவுக்கு உணவென்றால் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.வில் ஆலைப் பதிவு, அங்கே ஒரு முகவர், ஒவ்வொரு சரக்குக்கும் முன்னறிவிப்பு. அந்தப் பதிவை இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புதுப்பிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு 2022 மே 1 முதல் வணிக ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. பூர்வீகச் சான்றிதழ் எடுத்து அனுப்பினால் வாங்குபவருக்கு அங்கே சுங்கவரிச் சலுகை கிடைக்கலாம். பலர் இதை எடுக்காமல் விட்டுவிட்டு, விலையைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்.

வேறொருவரின் ஐ.இ.சி.யில் அனுப்பலாமா? எங்களுடையதைக் கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். சுங்கத்தின் கண்ணில் அந்தச் சரக்கு உங்களுடையது. பணம் வராவிட்டாலும், பெட்டியில் கடல் அட்டை இருந்தாலும் பதில் சொல்வது நீங்கள்.

நேரடியாக அனுப்பத் தயாராகாதவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. வணிக ஏற்றுமதியாளருக்கு 0.1 சதவீத ஜி.எஸ்.டி.யில் விற்கலாம். உங்கள் இன்வாய்ஸ் தேதியிலிருந்து 90 நாளுக்குள் அவர் அந்தச் சரக்கை ஏற்றுமதி செய்ய வேண்டும் என்பது நிபந்தனை, ஆதாரத்தை வாங்கி வையுங்கள். முதல் ஆண்டு இப்படி விற்று, தரம் பிடிபட்ட பிறகு சொந்த எண்ணில் போவதைப் பரிந்துரைக்கிறோம்.

விலை எப்படிச் சொல்வது?

கிலோ 200 ரூபாய்க்கு 100 கிலோ வத்தல் வாங்குகிறீர்கள், பொறுக்கியதில் 8 கிலோ கழிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 92 கிலோவின் அடக்கம் கிலோவுக்கு 217 ரூபாய் 40 பைசா. 200 என்று கணக்குப் போட்டவர் இங்கேயே 17 ரூபாயைத் தொலைத்தார். இதன் மேல் பொறுக்கு கூலி, பை, பெட்டி, லாரி, ஆய்வகம், ஏஜென்ட், துறைமுகக் கையாளல், வங்கிப் பிடித்தம். ஆவணச் செலவு பெரும்பாலும் எடையைப் பார்ப்பதில்லை. அது 30,000 ரூபாய் என்று கொண்டால், 500 கிலோ அனுப்புபவருக்குக் கிலோவுக்கு 60 ரூபாய், 5,000 கிலோ அனுப்புபவருக்கு 6 ரூபாய். சின்னச் சரக்கில் லாபம் நிற்காததற்குக் காரணம் இதுதான். ஒரே தரத்தில் காயவைக்கும் மூன்று நான்கு நிறுவனங்களோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ சேர்ந்து அனுப்ப வழிகாட்டிகள் வற்புறுத்துவதும் அதனால்தான்.

விலை சொல்லும்போது எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரையான விலை) தூத்துக்குடி என்று துறைமுகப் பெயரோடு சொல்லுங்கள். சி.ஐ.எஃப். கேட்டால் கப்பல் கூலியும் காப்பீடும் உங்கள் தலையில் விழும். கூலி வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால் விலை எத்தனை நாள் செல்லும் என்றும் எழுதுங்கள்.

முழுக் கன்டெய்னர் இல்லையென்றால்?

பலருடைய சரக்கோடு சேர்ந்து எல்.சி.எல். முறையில் போகும். ஒரு கன மீட்டரா ஒரு டன்னா, எது அதிகமோ அதற்குக் கூலி. முண்டு வத்தல் எடை குறைவு, இடம் அதிகம் என்பதால் கன அளவுதான் செல்லும். விமானத்திலும் அப்படியே: 60×40×40 சென்டிமீட்டர் பெட்டியை 6000ஆல் வகுத்தால் 16. உள்ளே 10 கிலோ இருந்தாலும் 16 கிலோவுக்குக் கூலி. கருவாட்டை வாசனையால் எல்.சி.எல்.லில் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

பணம் வருமா?

முதல் சரக்குக்கு ஒரு பகுதி முன்பணம், மீதி ஆவணம் வங்கி வழியாகப் போகும்போது என்பது சிறு சரக்குக்கு ஏற்றது. சிறிய தொகைக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் (எல்.சி., வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதி) வங்கிக் கட்டணத்திலேயே லாபத்தைத் தின்னும். எல்.சி. வந்தால், அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உங்கள் ஆவணத்தில் அப்படியே வர வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வங்கி பணத்தை நிறுத்தலாம். இ.சி.ஜி.சி. என்ற அரசு நிறுவனத்தின் ஏற்றுமதிக் கடன் காப்பீடு, வாங்குபவர் திவாலானால் உதவும். "தரம் சரியில்லை" என்று அவர் தகராறு செய்தால் அந்த நேரத்தில் உதவாது. அதற்காகவே அனுப்பிய சரக்கின் முத்திரையிட்ட மாதிரி ஒரு கிலோ, பணம் முழுதாக வரும்வரை உங்களிடம் இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வாங்குபவருக்கு உங்கள் பெயரில் போலி மின்னஞ்சல் போவது பரவலான மோசடி. கணக்கு எண்ணைத் தொலைபேசியில் குரலோடு உறுதிசெய்யச் சொல்லிவையுங்கள். ஆர்டர் தருவதற்கு முன் உங்களிடமே பதிவுக் கட்டணம் கேட்பவர் வாங்குபவர் இல்லை.

மச்சான் துபாயில் இருக்கிறார், அவரே விற்றுத் தருவார். ஒப்பந்தம் எதற்கு?

அவருக்காகவும்தான். சரக்குக் கெட்டால் யார் நட்டம், எத்தனை நாளில் பணம், விற்காத சரக்கு என்னாவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே இறக்குமதி உரிமமும் அரபு மொழி லேபிளும் இல்லாமல் உறவு மட்டும் சரக்கை வெளியே எடுக்காது.

வழிகாட்டி அதே தொழிலில் இருந்தால் வாங்குபவரைத் தட்டிக்கொண்டு போகமாட்டாரா?

நியாயமான பயம். வழிகாட்டி தன் தொழில் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்புகிறார் என்பதை முதலிலேயே எழுதித் தர வேண்டும். மோதல் இருந்தால் வேறு பொருள்காரரை வைத்துக்கொள்ளுங்கள். ஆவணமும் வங்கியும் எல்லாப் பொருளுக்கும் ஒன்றுதான். தர விஷயத்துக்கு மட்டும் அதே தொழில்காரரைக் கேட்கும்போது வாங்குபவர் பெயரை மறைத்துக் காட்டலாம்.

சரக்கு அங்கே நிறுத்தப்பட்டால்?

முதல் நாளே வழிகாட்டியையும் ஏஜென்டையும் அழையுங்கள். இலவச நாட்கள் முடிந்ததும் கன்டெய்னர் வாடகை தினமும் ஏறும், சில வாரங்களில் அது சரக்கின் விலையைத் தாண்டிவிடும். நிராகரிப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை முதலில் வாங்குங்கள். லேபிள் பிழையென்றால் அங்கேயே திருத்த அனுமதி கேட்கலாம். நச்சு வரம்பு என்றால் திரும்பக் கொண்டுவருவதா, அழிப்பதா என்று இரண்டு செலவையும் எழுதி ஒப்பிட்டு உடனே முடிவெடுங்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

விற்கும் அதே தரத்தில் அரைக் கிலோ சரக்கு, பொறுக்கி எடுத்தது வேண்டாம். கடந்த 12 மாத ஜி.எஸ்.டி. விவரம். ஒரு மாதத்தில் அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்ற உண்மையான அளவு. ஏதாவது ஆய்வக அறிக்கை இருந்தால் அது, தோற்ற அறிக்கை என்றாலும். வாங்குபவரிடமிருந்து வந்த எல்லாச் செய்திகளும், அச்செடுத்து. இரண்டாவது சந்திப்பு உங்கள் களத்திலோ கிட்டங்கியிலோ நடக்கும், அதற்காக எதையும் ஒதுக்கி வைக்க வேண்டாம்.